பெக்டஸ் எக்ஸ்கவேட்டம்: குழிமார்பு

லத்தீனில் 'பெக்டஸ்' என்றால் மார்பு, 'எக்ஸ்கவேட்டம்' என்றால் குடையப்பட்டது. மார்பெலும்பும், அதை விலா எலும்புகளோடு இணைக்கும் குருத்தெலும்புகளும் உள்வாங்கி நடுமார்பு குழிந்திருப்பதை இந்தப் பெயர் குறிக்கிறது. மார்பு முன்னே துருத்தினால் 'பெக்டஸ் கேரினேட்டம்'. 'கேரினா' என்பது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை. ஜெர்மானியர் முன்பு குழிந்த மார்பைச் 'செருப்புத் தைப்பவர் மார்பு' என்ற பொருளில் 'ஷூஸ்டர்ப்ருஸ்ட்' என்றார்கள். செருப்பு அச்சை நெஞ்சில் அழுத்தி வேலை செய்வதால் வருகிறது என்ற தவறான நம்பிக்கையில் பிறந்த பெயர் அது. உண்மையில் இது பலருக்குப் பிறவியிலேயே இருக்கும். பருவ வயதில் உயரம் கூடும்போது ஆழமாகித் தெரியவரும்.

தமிழில் 'குழிமார்பு', 'புறாமார்பு' இரண்டும் போதும். 'நெஞ்சுக்குழி' என்று எழுதக் கூடாது. மார்பெலும்புக்குக் கீழே எல்லோருக்கும் உள்ள பள்ளம் அது; "நெஞ்சுக்குழி எரியுது" என்று நோயாளி சொன்னால் மருத்துவர் வயிற்றைத்தான் பார்ப்பார். 'மார்பு ஊனம்' என்ற மொழிபெயர்ப்பும் வேண்டாம். சட்டை கழற்றக் கூசும் பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தச் சொல் இன்னொரு காயம். 'வடிவ மாறுபாடு' என்பதே சரி.

குழியின் அளவுக்கு 'ஹாலர் குறியீடு' என்று பெயர். சி.டி. படத்தில் குழி மிக ஆழமான இடத்தில் மார்புக்கூட்டின் உள் அகலத்தை, மார்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து முதுகெலும்பு வரையுள்ள தூரத்தால் வகுப்பார்கள். அகலம் 24 செ.மீ., தூரம் 6 செ.மீ. என்றால் குறியீடு 4. இயல்பு சுமார் 2.5; 3.25-க்கு மேல் போனால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ஆனால் எண் மட்டும் முடிவு செய்யாது. ஓடும்போது மூச்சிரைப்பு, எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) இதயம் நசுங்குவது, மனச்சுமை எல்லாம் கணக்கில் வரும். ஒல்லியாக, நீண்ட விரல்களோடு இருப்பவர்களுக்கு மார்ஃபன் குறைபாடு (இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் மரபுக் கோளாறு) உண்டா என்றும் பார்த்துவிட வேண்டும்.

உடற்பயிற்சி கூன் விழாமல் காக்கும், எலும்பைத் தூக்காது. ஆழம் குறைந்த, இளகிய குழிக்கு 'வெற்றிடக் கிண்ணம்' உண்டு: சிலிகான் கிண்ணத்தை மார்பில் பொருத்திக் கைப்பம்பால் காற்றை உறிஞ்சினால் மார்பெலும்பு மேலெழும். தொடக்கத்தில் நாளுக்கு இருமுறை அரை மணி நேரம், பிறகு படிப்படியாகப் பல மணி நேரம். ஓராண்டுக்கு மேல் விடாமல் செய்ய வேண்டும். அவசரப்பட்டு அதிகம் உறிஞ்சினால் தோலில் ரத்தம் கட்டும். ரத்தம் உறையாத கோளாறு இருப்பவர்களுக்கும் மார்ஃபன் உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

புறாமார்புக்கு முதல் வழி அழுத்துப்பட்டை. கையால் அழுத்தினால் மார்பு இறங்குகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். இறங்காத விறைத்த மார்புக்குப் பட்டை பலன் தராது. கழற்றி அரை மணி நேரத்துக்குப் பிறகும் தோல் சிவந்தே இருந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். வடிவம் திரும்பிய பிறகும் சில மாதம் இரவில் அணியாவிட்டால் மீண்டும் துருத்தும்.

அறுவை சிகிச்சையில் இரண்டு வழிகள். 1949-இல் மருத்துவர் ராவிச் விவரித்தது: முன்பக்கம் திறந்து, பிறழ்ந்த குருத்தெலும்பை நீக்கி, மார்பெலும்பை வெட்டி நிமிர்த்துவது. மருத்துவர் டொனால்ட் நஸ் 1987-இல் தொடங்கி 1998-இல் வெளியிட்டதில் குருத்தெலும்பை வெட்டுவதே இல்லை. இரு பக்கமும் சிறு கீறல். கேமரா பார்த்தபடி, இதயத்துக்கும் மார்பெலும்புக்கும் இடையே வளைந்த உலோகப் பட்டையைச் செலுத்தி 180 பாகை திருப்பினால் மார்பு எழும்பும். பட்டை வழக்கமாக மூன்றாண்டு உள்ளே இருக்கும். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் டைட்டானியப் பட்டை வேண்டும். எனவே முன்கூட்டியே தோல் பரிசோதனை செய்வது நல்லது. இளகிய பருவ வயதில் பலன் எளிது. வயது கூடக் கூட விறைப்பால் இரண்டாவது பட்டை தேவைப்படலாம், வலியும் அதிகம். விலா நரம்புகளை உறைய வைக்கும் 'கிரையோ' முறை வந்த பிறகு வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. பதிலுக்கு மார்பு சில மாதம் மரத்திருக்கும்.

முதல் வாரங்களில் பெரிய பயம் பட்டை புரள்வது. அதனால்தான் பாரம் தூக்காதே, உடலை முறுக்காதே என்கிறார்கள். பட்டை இருப்பதைக் குறிப்பிடும் அட்டையைப் பையில் வைத்திருக்க வேண்டும்: இதயம் நின்றால் மார்பை வழக்கத்தைவிட வலுவாக அழுத்த வேண்டும், மின் அதிர்ச்சித் தகடுகளை முன்னும் பின்னுமாக ஒட்ட வேண்டும்.