பெயருக்குப் பின்னால் வந்த 2

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் இருக்கும்போது, இங்கே மொரீஷியஸில் எங்கள் ஊர்க் கோவிலில் காணிக்கை ரசீது போடும் மாமா கூப்பிட்டார். "தம்பி, வேலாயுதம் 50 ரூபாய் குடுத்தார். பேருக்குப் பின்னால 2-ன்னு ஒண்ணு வந்து நிக்குது, கடைசி எழுத்துல புள்ளியையும் காணோம்." அதே பெயரில் வந்த பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தோம். 100 ரூபாய் கொடுத்த நாளில் ஆங்கில எழுத்து டி, 500 கொடுத்த நாளில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். முருகன் என்று இருந்த ரசீதுகளில் எந்தப் பிழையும் இல்லை.

வீட்டில் நாங்கள் கிரியோல்தான் பேசுகிறோம், அரசாங்கத் தாள்களில் எங்கள் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறிக் கிடக்கின்றன, தமிழில் பெயர் முழுசாக அச்சாவது இந்த ரசீது மாதிரி சில இடங்களில்தான். அதனால் அந்தப் புள்ளியை விட எனக்கு மனசு வரவில்லை. ரசீது அச்சிடும் நிரல், அதாவது கணினிப் புரோகிராம், சி மொழியில் எழுதியது. ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேட உதவும் ஜிடிபி என்ற டீபக்கரில் அதை ஏற்றினேன். அங்கே காணிக்கைப் பதிவைக் காட்டுவது ஒரு பாயிண்டர்.

பாயிண்டர் என்பது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியைத் தனக்குள் வைத்திருக்கும் மாறி. நினைவகத்தை அளக்கும் சிறு அலகு பைட்; 64 பிட் கணினியில் பாயிண்டர் 8 பைட். ஜிடிபியிடம் பாயிண்டரை அச்சிடச் சொன்னால் 5555 என்று தொடங்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வரும். அந்த எண்ணை வைத்து மட்டும் அங்கே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நினைவகத்தில் இருப்பது 0 முதல் 255 வரையான பைட்டுகள், அவ்வளவுதான். முதல் 24 பைட் பெயர், அடுத்த 4 பைட் தொகை என்று பிரித்துச் சொல்வது பாயிண்டரின் வகை. மைனஸ் ஜி என்று கொடுத்துக் கம்பைல் செய்தால், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றினால், இந்த வகை விவரமெல்லாம் நிரல் கோப்போடு சேர்ந்து வரும், டீபக்கர் அதைப் படித்துத்தான் நமக்குப் புரிகிற மாதிரி காட்டுகிறது. பைட்டுகளை அதுவாகப் போய் எடுக்கவும் முடியாது. ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொரு நிரல் தொட லினக்ஸ் விடாது, பிட்ரேஸ் போன்ற வசதி வழியாக லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சரி, பெயரை அச்சிடச் சொன்னேன். வேலாயுதம என்று வந்தது. புள்ளி இல்லை, ஆனால் 2-ம் இல்லை. இங்கேதான் நான் கொஞ்ச நேரம் குழம்பினேன். பெயருக்கு 24 பைட் என்று ஜிடிபிக்குத் தெரியும், அதனால் 24-ல் நின்றுவிட்டது. ரசீது அச்சிடும் சி நிரலுக்கு அந்தக் கணக்கு கிடையாது, பூஜ்யம் என்ற பைட் வரும் வரை படித்துக்கொண்டே போகும். இரண்டு பேரும் ஒரே முகவரியில்தான் தொடங்குகிறார்கள், நிற்கிற இடம் வேறு. அப்புறம் வகையை ஒதுக்கிவிட்டு வெறும் பைட்டுகளைக் கேட்டேன். ஜிடிபியில் அதற்கு எக்ஸ் என்ற கட்டளை; 28 பைட், குறியில்லாப் பத்தடிமான எண்ணாக, ஒவ்வொரு பைட்டாகக் காட்டு என்று சொன்னால் வரிக்கு எட்டாகக் கொட்டும். மூன்று வரி பெயர். மூன்றாவது வரி 224 174 174 என்று முடிந்தது, அது ம. நான்காவது வரியில் 50 0 0 0.

அந்த 50-தான் காணிக்கை. ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 50 என்பது 2 என்ற இலக்கம், 100 என்பது சின்ன டி. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், துணைக்காலுக்கும் புள்ளிக்கும்கூடத் தனியாக மூன்று மூன்று. முருகன் 21 பைட், அடங்கிவிடும். வேலாயுதம் 27 பைட். அளவு சொல்லி நகலெடுக்கும் ஸ்டிர்-என்-காப்பி 24-ல் வெட்டிவிட்டது, இடம் நிறைந்ததால் முடிவுப் பூஜ்யத்தையும் வைக்கவில்லை; அச்சு நிரல் பெயரைத் தாண்டித் தொகைக்குள் நுழைந்து அதையும் எழுத்தாகப் படித்தது.

500 ரூபாய்ப் பதிவில் நான்காவது வரி 244 1 0 0. ஒன்றை 256-ஆல் பெருக்கி 244-ஐக் கூட்டினால் 500. சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் இந்த முறைக்கு லிட்டில் எண்டியன் என்று பெயர். இதைத் தலைகீழாகப் படித்தால் 409 கோடிக்கு மேல் போய்விடும். வரிசை என்றதும் எனக்கு 1998 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் இங்கே வந்த புது மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தி அச்சாகியிருந்தது, தமிழர்கள் எதிர்த்ததில் மத்திய வங்கி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது.

சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று பெயரின் முடிவில் ஒரு பூஜ்யம் வைத்தேன். ரசீதில் 2 போய்விட்டது, ஆனால் 500 ரூபாய் 256 ஆகிவிட்டது! தொகையைக் கண்காணி என்று ஜிடிபியில் வாட்ச் போட்டேன். இந்த வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எக்ஸ்86 வகைச் செயலிக்குள்ளேயே இதற்கென்று முகவரியை வைத்துக்கொள்ளும் நான்கு பதிவகங்கள், அதாவது சின்னச் சேமிப்பிடங்கள், உண்டு, அங்கே குறித்த இடத்தில் யார் எழுதினாலும் செயலியே நிரலை நிறுத்திவிடும், அதனால் வேகம் குறையாது. நின்ற இடம் நான் சேர்த்த வரி. பழைய மதிப்பு 500, புதிய மதிப்பு 256. சி மொழியில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் பெயருக்கு உரியது 0 முதல் 23 வரை. 24-ல் நான் வைத்த பூஜ்யம் தொகையின் முதல் பைட்டான 244-ஐ அழித்து, மிச்சமிருந்த 1-ஐ மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

பெயருக்கான இடத்தை 96 பைட் ஆக்கினேன். அதற்கும் மேல் நீளும் பெயரை வெட்ட வேண்டி வந்தால் 3 பைட் எல்லை பார்த்து வெட்டினால் போதாது, மெய்யெழுத்திலிருந்து புள்ளியைப் பிரிக்காமல் முழு எழுத்தாக வெட்ட வேண்டும். பழைய கோப்பில் ஒவ்வொரு பதிவும் 28 பைட், தொகைகள் பத்திரமாக இருந்தன, வெட்டுப்பட்ட பெயர்களை மட்டும் மாமா கையெழுத்து நோட்டைப் பார்த்து வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். கடைசியாக வேலாயுதத்தின் பதிவை எக்ஸ் கட்டளையில் இன்னொரு தடவை பார்த்தேன். 224 174 174-க்குப் பின்னால் 224 175 141 இருந்தது. அதுதான் புள்ளி.