கனத்தைத் தடவிப் பார்த்து யூனிஃபார்ம் வாங்காதீர்கள்

மணலியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சென்ற மாதம் கேஸ் கட்டிங் செய்துகொண்டிருந்த இளைஞரின் சட்டைக் கையில் பொறி விழுந்து, துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுக்கப் போன மேஸ்திரியைத் தடுத்து, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட்ட பிறகே மருத்துவமனைக்கு அனுப்பினோம். பாதுகாப்பு அலுவலராக நான் இந்த ஆண்டு பார்த்த மூன்றாவது கை இது. மூன்று சட்டைகளுமே 'நல்ல கனம், நாள்பட உழைக்கும்' என்று சொல்லி வாங்கியவை.

கனம் வேறு, தரம் வேறு என்பதை எத்தனை முறைதான் சொல்வது? கொள்முதல் செய்பவர் எம்.சி. ரோட்டுக் கடையில் துணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார். அவர் விரலுக்குத் தட்டுப்படும் விறைப்பு பல நேரம் கஞ்சிதான்; முதல் சலவையிலேயே அது போய்விடும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவே. 240 ஜிஎஸ்எம் பருத்தியும் 240 ஜிஎஸ்எம் பாலியஸ்டரும் தராசில் ஒன்றுதான், நெருப்பில் ஒன்றல்ல. பாலியஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தெறிக்கும் இரும்புக் குழம்பின் சூடோ 1,000 டிகிரியைத் தாண்டும். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் என்றால் பாதி பாதுகாப்பாவது உண்டு என்று நினைப்பவர்களுக்கு: உருகும் பாலியஸ்டரைக் கருகிய பருத்தி நூல் விளக்குத் திரிபோலத் தாங்கிக்கொள்வதால், அது இன்னும் மோசமாக எரியக்கூடும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. நெருப்பின் முன்னேயே நிற்பவருக்குத் தீத்தடுப்புப் பதனிட்ட துணியும் தோல் ஏப்ரனும் வேண்டும்.

துணி பருத்தியா பாலியஸ்டரா என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. உள்மடிப்பிலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றும் குறுக்கே ஓடும் ஊடு நூல் ஒன்றும் உருவி, இடுக்கியில் பிடித்து, மணல் தட்டின் மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பருத்தி. தீயைக் கண்டதும் சுருங்கி, ஆறிய பின் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர்.

பிறகு சட்டையை உட்புறமாகத் திருப்புங்கள். அக்குளில் இரட்டைத் தையல் இல்லாமல் துணி விளிம்பு பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் தையல் மட்டும் ஓடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாக்கெட்டுக்கு மூடி இருக்க வேண்டும். பேண்ட்டின் கீழே வெளிமடிப்பு கூடவே கூடாது, பொறி தங்குவதற்கென்றே தைத்த கிண்ணம் அது. மாதிரிச் சட்டையை மூன்று முறை துவைத்த பிறகு அளவு பாருங்கள்.

அந்த மாதிரியில் ஒரு துண்டை வெட்டி, இரு தரப்புக் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். மாதிரி பருத்தியாகவும் லாரியில் வந்திறங்கியது டெரிகாட்டனாகவும் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே, வந்த கட்டின் அடியிலிருந்து ஒரு சட்டையை உருவி, அதன் நூலையும் தயவுசெய்து கொளுத்திப் பாருங்கள்.