ஹியூமானிட்டீஸ்: மானிடவியலா, மனிதநேயமா?

'ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்' என்ற தொடரைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். முதல் பாதிக்குக் 'கலை' என்ற சொல் கைவசம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு ஒருவர் 'மானுடவியல்' என்பார், இன்னொருவர் 'மனிதநேயம்' என்பார், வேறொருவர் 'சமூகவியல்' என்று எழுதிவிட்டு நழுவிவிடுவார். மூன்றுமே வேறு வேறு பொருளுக்கு உரியவை. மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமய ஆய்வு, கலைகளின் வரலாறும் திறனாய்வும் ஆகிய படிப்புகளைச் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர்தான் ஹியூமானிட்டீஸ்.

வேர் 'ஹூமானிதாஸ்' என்ற லத்தீன் சொல். இதற்குப் பொருள் சொல்வதில் உள்ள குழப்பம் தமிழில் மட்டும் வந்ததல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஔலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். பாமரர்கள் ஹூமானிதாஸ் என்பதை எல்லோரிடமும் அன்பாக நடந்துகொள்வது என்று நினைக்கிறார்கள். கிரேக்கர்கள் அதற்கு 'பிலாந்த்ரோபியா' என்பார்கள். லத்தீனைச் சரியாகக் கையாண்டவர்களோ கிரேக்கர்களின் 'பைதேயா' என்ற பொருளில்தான் இதை வழங்கினார்கள் என்கிறார். பைதேயா என்பது கல்வியால் ஒருவரைப் பண்படுத்துவது. எல்லா உயிரினங்களிலும் மனிதனுக்கு மட்டுமே வாய்த்த நாட்டம் அது, அதனால்தான் அந்தப் பெயர் என்று காரணமும் சொல்கிறார். ஹியூமானிட்டீஸ் துறைக்கு மனிதநேயத் துறை என்று இன்று பெயர் எழுதுகிறவரைக் கெல்லியுஸ் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே திருத்திவிட்டார்.

படிப்பு என்ற பொருளில் இந்தச் சொல் பொது மேடையேறியது ஒரு வழக்காடலில். ஆர்க்கியாஸ் என்ற கவிஞர் அந்தியோக்கியாவில் பிறந்தவர், கிரேக்கத்தில் எழுதியவர். கி.மு. 62இல், அவர் ரோமானியக் குடிமகனே அல்ல என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஆர்க்கியாஸின் பெயர் பதிவாகியிருந்த ஹெராக்லியா நகரின் ஆவணக்காப்பகம் போரில் எரிந்துபோயிருந்தது. அதாவது, கையில் காகிதம் இல்லை. (குடியுரிமையைக் காகிதத்தால் மெய்ப்பிக்கச் சொல்லும் வழக்கம் எவ்வளவு பழையது என்று பாருங்கள்.) அவருக்காக வாதாடிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, சாட்சிகளையும் சட்டத்தையும் சுருக்கமாக முடித்துக்கொண்டார். பிறகு, நீதிமன்றத்தில் வழக்கமில்லாத முறையில் பேச அனுமதி கேட்டு, பேச்சின் பெரும்பகுதியை இலக்கியத்தின் பயனுக்கே ஒதுக்கினார். மனிதனைப் பண்படுத்தும் கலைகள் எல்லாவற்றுக்கும் இடையே ஓர் உறவுப் பிணைப்பு உண்டு என்றார். இந்தக் கல்வி இளமைக்கு ஊட்டம், முதுமைக்கு இன்பம், செழிப்பில் அணிகலன், துன்பத்தில் புகலிடம் என்றார். இவர் குடிமகன் அல்லர் என்றே வைத்துக்கொண்டாலும், நாம் குடிமகனாக்கிக்கொள்ள வேண்டியவர் என்பதுதான் வாதத்தின் முனை. ஒரு நாட்டுக்குக் கவிஞன் எதற்கு என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் வைத்தே பதில் சொன்ன பேச்சு இது.

அந்தப் பேச்சின் படியை 1333இல் லியேஜ் நகரில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கண்டெடுத்தார். அதில் வரும் 'ஸ்தூதியா ஹூமானிதாதிஸ்' (ஹூமானிதாஸுக்கான படிப்புகள்) என்ற தொடரை அடுத்த தலைமுறை இத்தாலியர்கள் தங்கள் பாடத்திட்டத்துக்கே பெயராக்கிக்கொண்டார்கள். இலக்கணம், சொல்லாட்சி, கவிதை, வரலாறு, அறவியல் ஆகிய ஐந்தும் அதில் அடங்கின. அவற்றைக் கற்பித்தவர் 'உமனிஸ்தா' ஆனார். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் லத்தீன் பேராசிரியருக்கு நெடுங்காலம் 'ஹியூமானிட்டி பேராசிரியர்' என்றே பெயர்.

சட்டம் இந்தச் சொல்லை எப்படி வரையறுக்கிறது என்பதைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1965 செப்டம்பர் 29 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இரண்டு தேசிய நல்கை (நிதியுதவி) அமைப்புகளை உண்டாக்கியது: ஒன்று கலைகளுக்கு, மற்றொன்று ஹியூமானிட்டீஸுக்கு. இசை, நடனம், நாடகம், ஓவியம், கட்டடக்கலை போன்றவற்றைப் படைப்பதும் நிகழ்த்துவதும் முதல் கணக்கில் வருகின்றன. மொழி, மொழியியல், இலக்கியம், வரலாறு, சட்டவியல், மெய்யியல், தொல்லியல், சமய ஒப்பியல், அறவியல் ஆகியவற்றைக் கற்பதும் பொருள்கொள்வதும் இரண்டாம் கணக்கு. கலைகளின் வரலாறும் திறனாய்வும் கோட்பாடும்கூட இரண்டாவதில்தான். ஆடினால் ஒரு கஜானா, ஆட்டத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினால் இன்னொரு கஜானா! நம்மூரில் கலை என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு அமுக்கிவைத்திருக்கும் வேறுபாடு இது.

அந்தச் சட்டம் பிறந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதிலிருந்து அமெரிக்க அரசின் பணம் அறிவியலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. இந்தச் சாய்வு ஆபத்தானது என்று சொன்னவர்களில் அணுசக்தி ஆணையத்தின் தலைவர் கிளென் சீபோர்க்கும் ஒருவர்; புளூட்டோனியத்தைக் கண்டறிந்த குழுவில் இருந்த வேதியியலாளர். சட்டத்தின் முகப்புரை, மக்களாட்சி தன் குடிமக்களிடம் அறிவுத்தெளிவையும் தொலைநோக்கையும் கேட்கிறது என்கிறது. மனிதர்கள் தங்கள் தொழில்நுட்பத்துக்கு எசமானர்களாக வேண்டும், சிந்தனையற்ற வேலைக்காரர்களாகிவிடக் கூடாது என்கிறது. சட்டம் இருந்தும், 2025 ஏப்ரலில் அந்த இரண்டாம் அமைப்பு வழங்கியிருந்த நல்கைகள் ஆயிரத்துக்கும் மேல் ஒரே வீச்சில் ரத்தாயின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் சங்கீத நாடக அகாதெமி 1953இலும் சாகித்திய அகாதெமி, லலித் கலா அகாதெமி ஆகியவை 1954இலும் தொடங்கப்பட்டன. படைப்புக்கு வீடு கிடைத்தது. ஆய்வுத்துறைகளின் பெயர் எப்படிச் சட்டமேறுகிறது என்பதற்கு 2023ஆம் ஆண்டின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தைப் படிக்கலாம். இயற்கை அறிவியல், பொறியியல், உடல்நலம், வேளாண்மை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஹியூமானிட்டீஸும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தைத் தொடும் இடங்கள் மட்டும் என்று நிறுத்துகிறது. வாசற்படி வரை வரலாம், கூடத்துக்குள் வரக்கூடாது என்பதுபோல எனக்குப் படுகிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கலை' சிறப்பான சொல்தான். சிலப்பதிகாரம் 'எண்ணெண் கலையோர்' என்று அறுபத்துநான்கு கலை வல்லாரைச் சொல்கிறது. கற்பதால் கலை என்று 'கல்' என்னும் வேரைக் காட்டுவோர் உண்டு, வடமொழி 'கலா' என்போரும் உண்டு. ஆனால் இன்று அது சுமக்கும் சுமை அதிகம். தமிழ்நாட்டில் 'முதுகலை இயற்பியல்' என்று எழுதுகிறோம்; பட்டத்தின் படிநிலைக்கே கலை என்று பெயராகிவிட்டது. இலங்கையில் கலைமாணி, விஞ்ஞானமாணி என்று பிரித்து வைத்திருப்பது தெளிவு.

'மானுடவியல்' கேட்க இனிமையானது, கம்பனின் சுக்கிரீவன் 'மானுடம் வென்றதன்றே' என்று வியந்த சொல்லும் அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த இடம் மனித இனத்தையும் அதன் பண்பாடுகளையும் ஆராயும் ஆந்த்ரோபாலஜிக்கு ஏற்கெனவே போய்விட்டது. மானிடவியல் என்றும் மானுடவியல் என்றும் அந்தத் துறையையே குறிக்கிறோம். ஒரு எழுத்தை மாற்றி இன்னொரு துறைக்குக் கொடுப்பது மாணவர்களை இடம் மாற்றி உட்காரவைக்கும் வேலை.

இலங்கைத் தமிழில் 'மனிதப்பண்பியல்' என்ற சொல் வழங்குகிறது. என் வாக்கு அதற்கே. 'பண்' என்ற அடியிலேயே பண்படுத்துதல் இருக்கிறது. பண்பட்ட நிலம் என்கிறோம். கெல்லியுஸ் கேட்ட பொருள் அதுதான். ஹூமானிதாஸுக்கு நேரான தொடரும் குறளிலேயே இருக்கிறது:

'அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர்
மக்கட்பண்பு இல்லா தவர்' (997).

கூர்மைக்கு உவமையாக ஒரு கருவியை எடுத்து, அந்தக் கூர்மை மட்டும் இருந்தால் மரம் என்கிறார். அமெரிக்கச் சட்டத்தின் முகப்புரை இரண்டு பத்திகளில் சொல்வது இங்கே ஏழு சீரில் முடிந்துவிடுகிறது.

'இயல்' என்று முடிந்தால் அறிவியல் துறைபோல ஒலிக்கிறதே என்பது சிலருடைய தடை. இயல் என்பது 'லாஜி'க்கு வாடகைக்கு விட்ட விகுதி அல்ல. மெய்ப்பாட்டியல், செய்யுளியல் என்று தொல்காப்பியம் தன் அதிகாரப் பகுதிகளுக்கே பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலச் சொல் பன்மையில் நிற்பது இன்னொரு சிக்கல். பல படிப்புகளைச் சுட்டும்போது 'மனிதப்பண்பியல் துறைகள்' என்று எழுதினால் போதும்.

அப்படியானால் 'ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்' கலைகளும் மனிதப்பண்பியலும் ஆகும். ஹியூமனிசம் என்ற கொள்கைக்கு மனிதநேயம், மானுடவாதம் ஆகியவற்றை விட்டுவிடலாம். 'லிபரல் ஆர்ட்ஸ்' என்பதைத் 'தாராளக் கலைகள்' என்று மட்டும் பெயர்க்க வேண்டாம். அது அடிமையல்லாத சுதந்திர மனிதனுக்கு உரிய கல்வி என்ற பொருளில் பிறந்தது. 'பொதுநிலைக் கல்வி' என்றால் பொருந்திப் போகும்.