ஸ்பானிய மொழிக் கட்டளைகள்: ஒரு ‘த்’ உதிர்ந்ததால் வந்தது

ஸ்பானிய மொழி கற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நண்பனிடம் ‘பாடு’ என்று சொல்ல ‘காந்தா’, பெரியவரிடம் ‘காந்தே’. மரியாதை என்றால் ஏகாரம் என்று மனப்பாடம் செய்தேன். ஆனால் ‘விற்பனை செய்’ என்பதில் நண்பனுக்கு ‘பெந்தே’, பெரியவருக்கு ‘பெந்தா’ என்று தலைகீழாக வருகிறதே, ஏன்?”

முதலில் அடிப்படை. ஸ்பானிய வினைகள் அகராதியில் ஆர், ஏர், ஈர் என்று மூன்று விதமாக முடியும்: காந்தார் (பாடுதல்), பெந்தேர் (விற்றல்), எஸ்கிரிபீர் (எழுதுதல்). நெருக்கமானவர் ‘தூ’, மரியாதைக்குரியவர் ‘உஸ்தெத்’. ஒழுங்கான வினைகளில் தூவுக்கான கட்டளை காந்தா, பெந்தே, எஸ்கிரீபே. உஸ்தெத்துக்கு காந்தே, பெந்தா, எஸ்கிரீபா.

தூ வடிவத்துக்குப் பாடப்புத்தகங்கள் ஒரு குறுக்குவழி தருகின்றன: ‘அவன் பாடுகிறான்’ என்பதற்கான சொல்லையே எடுத்துக் கட்டளையாகச் சொல்லிவிடு. சரியாகத்தான் வரும். ‘காந்தா’ என்பது பாடு, பாடுகிறான், பாடுகிறாள் மூன்றுக்கும் பொது. ஆனால் எதிரே இருப்பவரை ஏவும் சொல்லும், எங்கோ இருப்பவரைப் பற்றிய சொல்லும் எப்படி ஒன்றாயின? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஸ்பானியத்தின் தாய் லத்தீன். அங்கே ‘பாடு’ என்பது காந்தா, ‘பாடுகிறான்’ என்பது காந்தாத். ‘விற்றுவிடு’ வெந்தே, ‘விற்கிறான்’ வெந்தித். இரண்டும் தனித்தனிச் சொற்கள். நூற்றாண்டுகள் போகப் போக மக்கள் வாயில் அந்தக் கடைசி ‘த்’ தேய்ந்து உதிர்ந்தது. அழுத்தமில்லாத கடைசி இகரமும் எகரமாகத் தளர்ந்தது. காந்தாத் காந்தாவாயிற்று, வெந்தித் பெந்தேயாயிற்று. அந்த இடங்களில் ஏற்கனவே கட்டளைச் சொற்கள் இருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி ஓர் ஒழுங்கற்ற வினை. லத்தீனில் ‘சொல்’ என்ற கட்டளை ‘தீக்’. இறுதியில் உயிரெழுத்தே கிடையாது. ‘சொல்கிறான்’ என்பது தீகித். த் உதிர்ந்தாலும் இவை இணைய வழியில்லை. அதனால் இன்றைய ஸ்பானியத்திலும் கட்டளை ‘தீ’, சொல்கிறான் ‘தீசே’. ஒழுங்கற்றது என்று மாணவர்கள் சலித்துக்கொள்ளும் சொல் பழைய நிலையை இன்னும் வைத்திருக்கிறது.

ஓர் ஒலி தேய்ந்தால் மொழி கெட்டுவிட்டது என்று புலம்புவதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ஸ்பானியத்தின் மிக எளிய விதி அப்படித் தேய்ந்ததில்தான் பிறந்தது. பேச்சு எப்படி மாறுகிறது என்று ஊர் ஊராகப் பதிவு செய்யும் ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு தலைமுறையின் பேச்சு போய்விட்டால் பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் கிடைக்காது.

இப்போது வாசகரின் கேள்வி. உஸ்தெத் என்ற சொல் ‘புவேஸ்த்ரா மெர்செத்’, அதாவது ‘தங்கள் அருள்’ என்ற தொடர் சுருங்கி வந்தது. ஆகவே இலக்கணப்படி அது படர்க்கை. படர்க்கையை நேராக ஏவ முடியாது. ‘தங்கள் அருள் பாடுக’ என்று விரும்பலாம். நம் இலக்கணம் ஏவல், வியங்கோள் என்று பிரிக்கிறதே, அதே பிரிவு. தூவுக்கு ஏவல், உஸ்தெத்துக்கு வியங்கோள்.

லத்தீனில் இந்த விருப்ப வடிவத்துக்கு ஓர் உயிரொலிதான் அடையாளம். காந்தார் இனத்தின் அடியிலேயே ஆகாரம் இருந்ததால் அது விருப்பத்தைக் காட்டப் பயன்படாது. ஏகாரம் வந்தது: காந்தேத், ‘பாடுக’. மற்ற இனங்களில் ஆகாரம் காலியாக இருந்தது: வெந்தாத், ‘விற்க’. இவற்றிலும் ‘த்’ உதிர்ந்ததும் காந்தே, பெந்தா. ஆக, ஏகாரமோ ஆகாரமோ தனியாக மரியாதையைக் குறிப்பதில்லை. அந்தந்த இனத்தின் வழக்கமான உயிரிலிருந்து விலகுவதுதான் குறிக்கிறது. பலருக்குச் சொல்ல ஒரு ‘ன்’ சேர்த்தால் போதும்: காந்தேன், பெந்தான், எஸ்கிரீபான்.

ஸ்பெயினில் நெருக்கமான பலரிடம் பேச வேறு வடிவம் உண்டு. அகராதிச் சொல்லின் ‘ர்’ போய் மென்மையான ‘த்’ வரும்: காந்தாத், பெந்தேத், எஸ்கிரிபீத். இந்தக் காந்தாத் முன்பு பார்த்த ‘பாடுகிறான்’ அல்ல; பலரை ஏவும் லத்தீன் ‘காந்தாதே’யிலிருந்து வந்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வல்லினம் மெலிவது நமக்குப் புதிதில்லை; ‘தீது’ என்று சொல்லிப் பாருங்கள், முதல் தகரமும் இரண்டாவதும் ஒன்றுபோல ஒலிக்காது.

அர்ஜென்டினாவில் இந்த ‘த்’தும் உதிர்ந்துவிட்டது. அங்கே நண்பனை ‘தூ’ என்று அழைப்பதில்லை, ‘வோஸ்’ என்பார்கள். கட்டளை காந்தா, பெந்தே, எஸ்கிரிபீ. தமிழ் எழுத்தில் பார்த்தால் பழையபடி ‘காந்தா’தான். ஆனால் ‘பாடுகிறான்’ என்றால் அழுத்தம் முதல் அசையில், ‘பாடு’ என்றால் கடைசி அசையில். லத்தீனில் பிரிந்திருந்து, ஸ்பானியத்தில் ஒன்றான அந்த இரண்டு சொற்களும் புவேனஸ் அயர்ஸ் தெருக்களில் மறுபடியும் தனித்தனியாகக் கேட்கின்றன.