சேறு அள்ளப் போகும் தம்பி தங்கைகளுக்கு

வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் ஆனதும் எங்கள் வார்டுக்கு எலிக்காய்ச்சலோடு ஒரே மாதிரியான நோயாளிகள் வருகிறார்கள். இருபது, இருபத்திரண்டு வயது. முன்பின் தெரியாதவர் வீட்டுச் சேற்றையெல்லாம் வெறுங்காலோடு அள்ளிக் கொட்டிய பிள்ளைகள். இந்த முறை வந்தவருக்குக் கண் மஞ்சளாகிச் சிறுநீரும் குறைந்துவிட்டது. காய்ச்சலுக்கும் கெண்டைக்கால் வலிக்கும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியே நாளைக் கடத்தியிருக்கிறார்.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டி.டி. ஊசி போட்டுக்கொண்டேனே டாக்டர்!" போட்டது நல்லதுதான். அது ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) ஊசி. எலிக்காய்ச்சலைத் தடுக்காது. போன வாரம் போட்டிருந்தாலும் தடுக்காது, இரண்டாக வாங்கிப் போட்டாலும் தடுக்காது. அது வேறு கிருமி, இது வேறு கிருமி. எலி கடித்தால்தான் இந்த நோய் வரும் என்பதும் தவறு. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரும், உங்கள் காலில் ஒரு பித்தவெடிப்பும் போதும்.

தண்ணீர் வடிந்துவிட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்கிறோம். 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் புரட்டிப் போட்டபோது, அது வடிந்த பிறகுதான் எலிக்காய்ச்சல் பரவியது. மீட்பிலும் துப்புரவிலும் இறங்கியவர்கள் வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை 200 மில்லிகிராம் சாப்பிட வேண்டும் என்று அங்கே அறிவுறுத்தினார்கள். நம் ஊரில் நிவாரணம் என்றால் பிரட், பிஸ்கட், போர்வை. சேற்றில் இறங்குகிற பையனுக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ் வாங்கித் தர வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆகவே, பூட்ஸும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். இரண்டையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்குங்கள், அதில் கூச்சம் எதற்கு? புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஆறாத பெரிய புண் என்றால் உணவுப் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போங்கள், அதுவும் சேவைதான். டாக்சிசைக்ளின் உங்களுக்கு ஏற்றதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்; கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கிய கையோடு படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும்.

அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், தயவுசெய்து அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வலி மாத்திரை வேண்டாம், ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும். "வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்" என்பதை நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் விலை மலிவான ஆன்டிபயாடிக்கே பெரும்பாலும் போதும். தாமதித்தால் டயாலிசிஸ் வரை போக நேரிடும்.