புது லேப்டாப்பைத் தொட்டால் ஏன் சுருசுருக்கிறது?

கடையில் வைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. சென்னை ராயபுரத்துப் பழைய வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜரைச் செருகி, மொசைக் தரையில் வெறுங்காலை ஊன்றி உட்கார்ந்தால், மணிக்கட்டில் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்கிறது. விரல் நுனியை மூடியின்மேல் லேசாக இழுத்தால், வழவழவென்று இருந்த உலோகம் சொரசொரப்பாகத் தட்டுப்படுகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் எல்லாம் நின்றுவிடுகிறது. முதன்முதலாக லேப்டாப் வாங்கியவர் அன்றிரவே "டிஃபெக்ட் பீஸைத் தலையில் கட்டிட்டாங்க" என்று முடிவுகட்டிவிடுவார். பெரும்பாலும் குறை இருப்பது சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில்.

அடாப்டருக்குள் நடப்பது இதுதான். 230 வோல்ட் ஏசி முதலில் சுமார் 325 வோல்ட் டிசியாகிறது. அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிவெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்பி, 19 அல்லது 20 வோல்ட்டாக இறக்குகிறார்கள். இவ்வளவு வேகமாக வெட்டினால் மின்னிரைச்சல் கிளம்பும். பக்கத்திலிருக்கும் ரேடியோவைக்கூடக் கெடுக்கும். அந்த இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடத்தான் உள்ளே 'ஒய் கெபாசிட்டர்' என்ற குட்டிப் பாகங்கள் உட்கார்ந்திருக்கின்றன: ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று. கெபாசிட்டர் டிசியைத் தடுக்கும், ஏசியைக் கொஞ்சம் கசியவிடும். மூன்றாவது பின் உண்மையிலேயே எர்த்தைத் தொட்டால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருந்தும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லையென்றால்? கசிவுக்குப் போக்கிடம் இல்லை. லேப்டாப்பின் உலோக உடம்பு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கும். டெஸ்டரை வைத்தால் விளக்கு எரியும். பார்த்தவருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் வோல்ட் இருந்தாலும் கரண்ட் பெரிதாக இல்லை. நல்ல அடாப்டரில் கசிவது ஒரு மில்லிஆம்பில் சிறு பங்குதான். அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ரப்பர் செருப்பைப் போட்டால் சுருசுருப்பு மறைவது இதனால்தான்: உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போகும் பாதை அறுந்துவிடுகிறது. அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் வேறு. காய்ந்த மேல்தோல் ஒரு மின்காப்புப் படலம். அதற்கு இருபுறமும் மின்னூட்டம் ஏறி இறங்கும்போது உலோகம் விரலை வினாடிக்கு 100 தடவை இழுத்து இழுத்து விடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம். விரலை அசைக்காமல் வைத்தால் தெரியாது, இழுத்தால்தான் தெரியும். பிளாஸ்டிக் உடம்புள்ள லேப்டாப்பில் இந்த வம்பே கிடையாது.

செய்ய வேண்டியது: எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அவர் டெஸ்ட் லேம்ப் பிடித்தால் பளிச்சென்று எரிய வேண்டும், அல்லது வீட்டில் ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது விழ வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் எர்த் இல்லை. சிலர் சுலபவழியாக பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே கூடாது. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் லேப்டாப், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் முழு ஃபேஸ் ஏறும். மூன்று பின்னை இரண்டாக்கும் மாற்றி பிளக்கும் வேண்டாம். அடாப்டரே இரண்டு பின் என்றால், அதன் கெபாசிட்டர் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நேராகப் பாலம் போடுகிறது. லேசான சுருசுருப்பு அங்கே இயல்பு, எர்த் போட்டாலும் முழுக்கப் போகாது. ஆனால் சுருசுருப்பாக இல்லாமல் உதறித் தள்ளினால் உடனே அடாப்டரை மாற்றுங்கள். குறிப்பாக அது 400 ரூபாய்க்கு வாங்கிய போலியாக இருந்தால். நல்ல அடாப்டரின் முதுகில் பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும்.

அதே முதுகில் இன்னொரு பதிலும் அச்சாகியிருக்கிறது. 'இன்புட் 100–240 வோல்ட்' என்றால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. சாயங்காலம் லோ வோல்டேஜில் 180-க்கு இறங்கினாலும், வெட்டும் அளவைக் கூட்டிக் குறைத்து அடாப்டர் அதே 19 வோல்ட்டைக் கொடுக்கும். அவுட்புட் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 65 வாட். மாற்று சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக்கூடாது. இடி இடிக்கும்போதும், கரண்ட் போய்த் திரும்ப வரும்போதும் பிடுங்கி வைப்பது நல்லது. திரும்பும் நொடியில் வரும் மின்னெழுச்சிதான் அடாப்டரைக் கொல்லும். லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கிறதே.

அடுத்த பயம் '512 ஜிபி சொன்னாங்க, 476-தானே காட்டுது'. யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. சின்னப் படியால் அளந்து விற்ற அரிசியைப் பெரிய படியால் அளந்து பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமில்தான் உண்மையான கணக்கு இருக்கிறது. ரிச்சி தெருவுக்குப் போனாலும் பெரம்பூர் ஷோரூமுக்குப் போனாலும் '8 ஜிபி' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது ஒரே 8 ஜிபி சிப்பமா (ரேம் பொருத்திய சின்னப் பலகை), இரண்டு 4 ஜிபி சிப்பமா என்று கேளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரையை வரையும் வேலைக்கும் அதே ரேம்தான். அதனால் அந்த 8 ஜிபியில் கொஞ்சம் முன்பே போய்விடும். ஒற்றைச் சிப்பமாக இருந்தால் போகவர ஒரே வழி. ரேஷன் கடையில் ஒரு கவுண்டர் மட்டும் திறந்திருப்பதுபோல, சரக்கு இருந்தும் வரிசை நகராது. அடுத்த கேள்வி: காலி ஸ்லாட் உண்டா, ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறதா? ஒட்டியிருந்தால் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 எடுத்துவிடுவதே புத்தி. ஸ்லாட் இருந்தால் இப்போது 8, அடுத்த வருஷம் இன்னொரு 8.

பிராசஸர் பெயரும் கொஞ்சம் வழுக்கும். ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ என்பதில் 7-ஐப் பார்த்துப் புதுசு என்று நினைப்போம். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது ஏஎம்டியின் எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்று சொல்லும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7520யூ-வும் 7530யூ-வும் பத்து எண் வித்தியாசம்தான். ஆனால் முன்னதில் 4 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் கணக்குப் பகுதி), பின்னதில் 6 கோர்.

பேட்டரிக்கு வருவோம். "முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போடுங்க" என்பது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்து வழக்கம். லித்தியம் அயனுக்கு அது பொருந்தாது. செல் ஒன்றுக்குச் சுமார் 4.2 வோல்ட் வரும்வரை சார்ஜ் வேகமாக ஏறும். பிறகு வோல்ட்டை நிலைநிறுத்திக் கரண்ட் மெல்லமெல்லக் குறையும். கடைசியில் கட்டுப்பாட்டுச் சுற்று தானே துண்டித்துவிடும். 80 சதவீதம் சட்டென்று வந்து மீதி இழுப்பது இதனால்தான். ராத்திரி முழுக்கச் செருகி வைத்தால் வெடிக்காது. ஆனால் முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் செல் சீக்கிரம் கிழடாகும். எப்போதும் மேஜையில் செருகியே வைப்பவர், தயாரிப்பாளரின் செயலியில் 80 சதவீத வரம்பு இருந்தால் போட்டுவிடலாம். எத்தனை மணி நேரம் வரும் என்பதற்குப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், வகுத்துப் பாருங்கள்: 42 வாட்-அவர் பேட்டரி, பிரவுசர் வேலைக்கு 8 வாட் என்றால் ஐந்தே கால் மணி நேரம்.

பெட்டி உடைக்காத புதுசுதானா, ஷோகேஸில் ஓடியதா என்ற சந்தேகத்துக்கும் பேட்டரியே சாட்சி. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். உருவாகும் கோப்பில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு, எத்தனை சுற்று ஓடியது எல்லாம் இருக்கும். ஒன்றிரண்டு சுற்று என்றால் சரி. நாற்பது என்றால் பில் போடுவதற்கு முன் பேச வேண்டும்.

சூடு. சிப்பின் சூட்டை விசிறிக்குக் கொண்டுபோவது ஒரு தாமிரக் குழாய். அதற்குள் துளி நீர் ஆவியாகி, விசிறிப் பக்கம் போய்க் குளிர்ந்து, மறுபடி சிப்புக்குத் திரும்புகிறது. விசிறி எவ்வளவு ஓடினாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. 25 டிகிரி ஏசி அறையில் 75-ல் நின்ற சிப், கொருக்குப்பேட்டை மாடியில் ஷீட் போட்ட 40 டிகிரி அறையில் அதே வேலைக்கு 90-ஐத் தொடும். 95, 100 நெருங்கும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதியம் லேப்டாப் மந்தமாகிறது என்றால் வைரஸைத் தேடுவதற்கு முன் அடியைப் பாருங்கள்: காற்று உள்ளே போகும் துளைகள் பெரும்பாலும் அங்கேதான். மெத்தையும் தலையணையும் அதை அடைத்துவிடும். பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். உப்புத்தூள் 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் விடியற்காலையில் அந்த அளவு சாதாரணம். விசிறி அந்தத் தூளைத்தான் உள்ளே இழுக்கிறது. கடல் பார்த்த ஜன்னலோரம் மேஜை போடாமல் இருப்பதும், ஓய்வில் மூடி வைப்பதும், வருஷத்துக்கு ஒருமுறை விசிறியைத் திறந்து சுத்தம் செய்வதும் போதும். வாரன்டி இருக்கும்வரை அதை சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும். இன்னொன்று: 22 டிகிரி ஏசியில் குளிர்ந்த லேப்டாப்பைப் புழுக்கத்தில் சட்டென்று திறந்தால், ஐஸ் வாட்டர் பாட்டில் வேர்ப்பதுபோல் உள்ளேயும் வேர்க்கும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.