அந்துருண்டை கரைந்து போகவில்லை, பாட்டி

போன மாதம் எங்கள் மருந்துக்கடைக்கு ஒரு பாட்டி வந்தார். பேரன் பிறந்து 9 நாள் ஆகிறதாம். வாங்க வந்ததை வாங்கிவிட்டுப் பேச்சுவாக்கில், தன் பழைய நூல்சேலையை எடுத்து அன்று சாயங்காலம் தொட்டில் கட்டப் போவதாகச் சொன்னார்.

"அலமாரியில அந்துருண்டை போட்டிருக்கீங்களாம்மா?"

"போடாம எப்படித் தம்பி, கரப்பான் விடுமா? ஆனா அதெல்லாம் எப்பவோ கரைஞ்சு போச்சு, வெறும் துணிமுடிச்சுதான் மிச்சம்."

அங்கேதான் எனக்குத் திக்கென்றது. கரைவதற்கு அங்கே தண்ணீர் ஏது? அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் உருக 80 டிகிரி சூடு வேண்டும், ஆனால் உருகாமலே, நம் வீட்டு வெப்பத்திலேயே, திடப்பொருளாக இருந்தபடி நேராக ஆவியாகிவிடும். பள்ளியில் பதங்கமாதல் என்று படித்தோமே, அதுதான். பூச்சியை விரட்டுவதே அந்த ஆவிதான், மூடிய அலமாரிக்குள் அது போக வேறு இடமில்லாமல் துணியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சூடமும் இதே ரகம், டப்பாவில் மிளகு போட்டு வைப்பார்கள் (என்னைக் கேட்டால் இறுக்கமான மூடிதான் உண்மையான காவல்).

பெரியவர்கள் பலருக்கு இந்த வாசம் தலைவலியோடு போய்விடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அப்படியில்லை, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறும், முற்றினால் மூளையையே பாதிக்கும். ஆண் குழந்தைகளிடம்தான் இந்தக் குறை அதிகம். சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள், முடிவு என்னவென்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, நாப்தலீன் எண்ணெயில் கரையும், எண்ணெய் தடவிய தோல் வழியே உடம்புக்குள் எளிதாக ஏறிவிடும். நாமோ எண்ணெய் தேய்த்ததுமே பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் போடுகிறவர்கள்! கண்ணோ தோலோ மஞ்சளானால், பிள்ளை வெளிறிப் பால் குடிக்காமல் துவண்டால், சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவமனை.

பதங்கமாதல் மேல் எனக்கு ஒன்றும் பகையில்லை. அந்தப் பேரனுக்குப் பிறந்ததும் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி மருந்தே அதன் தயவுதான்: உறையவைத்து, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் பனிக்கட்டி தண்ணீராகாமலே ஆவியாகிப் போய்விடும், குப்பியில் பொடி மட்டும் நிற்கும். கடையில் மொறுமொறுவென்று விற்கிற டுரியான் துண்டும் இப்படித்தான். ஐஸ்கிரீம் பெட்டியில் வைக்கும் உலர்பனியும் இதே கதை, ஆனால் 1 கிலோவே 500 லிட்டருக்கு மேல் கரியமிலவாயுவாகும், கண்ணாடி ஏற்றிய காரில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சரி, பாட்டியிடம் வருகிறேன். சேலையைத் துவைத்து ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போடச் சொன்னேன், அதுவரை பிள்ளை கட்டிலிலேயே தூங்கட்டும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது, நாலு பிள்ளைகளை வளர்த்தவராயிற்றே. இரண்டு நாள் கழித்து ஃபோன்: "தம்பி, மோந்து பாத்தேன், இன்னும் லேசா வாசம் அடிக்குதே?"

"அப்ப கழியிலேயே கிடக்கட்டும்மா."